தோமா கிறித்தவர்கள்

தோமா கிறித்தவர்கள் கேரளத்தின் மிகப் பழைய கிறித்தவச் சமூகத்தினர். நஸ்ராணிகள், சுறியானிக் கிறித்தவர்கள் என்றும் அழைக்கப்படுவர். இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் கரையிறங்கித் திருமுழுக்கு அளித்தார் என்பது அவர்களது மரபு. சமகாலச் சான்று கிடையாது. கைக்குக் கிடைக்கும் சான்று கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள். வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தேவாலயத்துக்கு வழங்கிய உரிமைகளை வட்டெழுத்தில் சொல்லும் இவற்றில், சாட்சிகள் அரபி, பகலவி (பழைய பாரசீக), எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். சென்னைப் பரங்கிமலையின் கற்சிலுவையைச் சுற்றி ஓடுவதும் பகலவி எழுத்தே.

இவர்களுக்கு ஆயர்கள் பாரசீகத்துக் கிழக்குத் திருச்சபையிலிருந்து வந்தார்கள்; வழிபாட்டு மொழி சுறியானி. அன்றாட ஆட்சியோ உள்ளூர் அர்க்கதியாக்கோன் (தலைமைத் திருத்தொண்டர்) கையில் இருந்தது. இந்த ஏற்பாட்டைப் போர்த்துக்கீசியர் குலைத்தனர். 1599இல் கோவாப் பேராயர் மெனேசஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் சுறியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. வரலாற்றுக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூடிய தோமா கிறித்தவர்கள், போர்த்துக்கீசியத் தரப்பின் சேசு சபையாருக்கு இனிப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தனர். சிலுவையில் கயிறு கட்டி, அதைப் பற்றிக்கொண்டு சூளுரைத்ததாக மரபு கூறும். கூனன் குரிசு சத்தியம் என்பது இதுதான். அதே ஆண்டில் பன்னிரண்டு குருக்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலையில் கைவைத்து அவரை முதலாம் மார் தோமா ஆக்கினர். ஆயர் ஒருவர் கைவைக்காமல் ஆயரானவர் செல்லுபடியாவாரா? பின்வந்த பிளவுகள் பலவற்றுக்கும் வேர் இந்த வகைக் கேள்விதான். வேதக் கொள்கை பெரும்பாலும் இரண்டாம் இடத்தில்தான் நின்றது.

ரோம் அனுப்பிய கார்மேல் சபையார் பெரும்பகுதியினரை ரோமின் பக்கம் மீட்டனர். மார் தோமாவோடு நின்ற மறுதரப்பினர் 1665இல் வந்த மேற்குச் சுறியானி ஆயர் மார் கிரகோரியோசை ஏற்று, மெல்ல அந்த வழிபாட்டு முறைக்கே மாறினர். விளைவு விசித்திரமானது: பழைய மரபைக் காக்கக் கிளர்ந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள்; இலத்தீன் சாயம் ஏறினாலும், பழைய கிழக்கு மரபு ரோமோடு நின்ற சீரோ மலபார் சபையில் தங்கிற்று.

மேற்குச் சுறியானி முறைக்கு மாறியவர்களிடையே 19ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் மல்பான் தொடங்கிய சீர்திருத்தத்திலிருந்து மார்த்தோமா சபை கிளைத்தது. இதுவோ கொள்கைப் பிளவு. 1930இல் மார் இவானியோஸ் தலைமையில் ஒரு பகுதியினர் ரோமோடு இணைந்து சீரோ மலங்கரை சபையாயினர். எஞ்சியோர் அந்தியோக்கியா முதுபெரும் தந்தைக்குக் கீழ்ப்பட்ட யாக்கோபாயர், கோட்டயத்துக் கத்தோலிக்கோஸ் என்னும் தலைவரை ஏற்ற ஆர்த்தடாக்ஸ் என இரண்டாயினர். இவ்விரு தரப்பின் தேவாலயங்களை 1934ஆம் ஆண்டுச் சபைச் சட்டப்படியே நிர்வகிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 3 அன்று தீர்ப்பளித்தது.