பெட்டலூமாவின் பூனைகள்

அறிவியல் வரலாற்றைப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்குகிறோம். பூனைகளைப் பற்றும் தீரா நோய் ஒன்றின் வரலாறோ, கைவிடப்பட்ட பூனைகளை எடுத்து வளர்த்த ஒரு பெண்மணியின் வீட்டிலிருந்து தொடங்குகிறது.

கலிஃபோர்னியா மாநிலத்தின் பெட்டலூமா என்னும் ஊரில், 1980களில், அப்பெண்மணி தெருப்பூனைகளைத் தனித்தனி அடைப்புகளில் வைத்துப் பேணி வந்தார். அவற்றுள் ஓர் அடைப்பிலிருந்த பூனைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நலிந்தன. ஈறு புண்ணாயிற்று, வயிறு கழிந்தது, உடல் மெலிந்தது. சில மாண்டும் போயின. இத்தகைய அறிகுறிகளைக் கண்டால் அந்நாளைய கால்நடை மருத்துவர்களின் ஐயம் முதலில் பூனை லுகேமியா வைரஸின் மேல்தான் விழும். கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் 1964இல் கண்டறிந்த வைரஸ் அது. இப்பூனைகளின் குருதியில் அதன் தடயம் இல்லை.

டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் 1986இல் இப்பூனைகளிடமிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தனர்; மறு ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் அதை அறிவித்தனர். மனிதரின் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு (1983) அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புதிய வைரஸும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, எஃப்.ஐ.வி. என்னும் பெயர் பெற்றது. மனிதருக்கு அது தொற்றாது. ஆயினும் மக்கள் வழக்கில் ‘பூனை எய்ட்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எய்ட்ஸ் என்ற சொல்லே மனிதரை மனிதரிடமிருந்து விலக்கி வைத்த காலம் அது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தது ஒரு முரண். பேணும் கைகளால் வெளிப்பட்ட உண்மை, பேண மறுப்பதற்குக் காரணமாயிற்று. குருதிச் சோதனை எளிதானதும், தொற்று உறுதியான பூனைகளைக் காப்பகங்கள் பலவும் கருணைக்கொலை செய்தன. நோயின் அறிகுறியே இல்லாத பூனைகளும் அதில் அடங்கும். இத்தனைக்கும் அச்சோதனை பெரும்பாலும் காண்பது வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருளைத்தான். தாயிடமிருந்து அதைப் பெற்ற குட்டி, தொற்றே இல்லாதபோதும் சோதனையில் சிக்கலாம். சில மாதங்கள் பொறுத்து மீண்டும் சோதித்தால் உண்மை தெரியும். 2002இல் அமெரிக்காவில் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டதும் குழப்பம் மிகுந்தது. ஊசி போட்ட பூனையையும் நோயுற்ற பூனையையும் அன்றைய சோதனைகளால் பிரித்தறிய இயலவில்லை. அத்தடுப்பூசி பின்னர் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து நீங்கியது.

மாற்றம் மெதுவாகவே வந்தது. தொற்றுள்ள பூனைகள் பல ஆண்டுகள் நலமுடன் இருப்பதையும், அவற்றுட் பல மற்றப் பூனைகளை ஒத்த ஆயுளைப் பெறுவதையும் நீண்டகாலக் கவனிப்பு காட்டிற்று. ஆழமான கடிகாயமே பரவுதற்கு முதன்மையான வழி. ஆகவே சண்டையிட்டுத் திரியும் கடுவன்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. ஒரே தட்டில் உண்பதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. சோதனை முடிவை மட்டுமே கொண்டு கருணைக்கொலையை முடிவு செய்யலாகாது என்று அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி தெளிவாகக் கூறியது. வைரஸ் கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது.

இத்தகைய பூனையைத் தத்தெடுப்பவர் செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. கருத்தடை செய்து வீட்டுக்குள் வளர்த்தல், பச்சை இறைச்சியைத் தவிர்த்தல், வாயையும் ஈறையும் கவனித்தல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் எடை பார்த்தல், சிறு காய்ச்சலையும் நாள் கடத்தாமல் காட்டுதல் ஆகியவையே அவை. நோயை நீக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆகவே இது முடிவுள்ள சிகிச்சை அன்று; அப்பூனை உள்ளளவும் தொடரும் பொறுப்பு.

தமிழில் நோய்க்குப் ‘பிணி’ என்றொரு பெயருண்டு; பிணித்தல் என்றால் கட்டுதல். பெட்டலூமாவில் அப்பெண்மணி தம் பூனைகளின் நலிவைக் கண்டும் காணாமல் இருந்திருந்தால், இவ்வரலாறு அங்குத் தொடங்கியிராது. காது கிழிந்த முதிய கடுவன் ஒன்று, சோதனைத் தாளில் இருக்கும் ஒரு சொல்லுக்காகக் கூண்டிலேயே எஞ்சிவிடுமாயின், அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது இன்னும் மீதமிருக்கிறது என்பதே பொருள்.