இன்றைக்கு என்ன ஆக்குவது? சாப்பாட்டுச் சந்தாவின் 150 வருடக் கதை



கொஞ்சக் காலமாக எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை விளம்பரம் அடிக்கடி வருகிறது. மாதாந்தம் சல்லி கட்டினால் கிழமை முழுவதற்குமான சமையல் பட்டியலை போனுக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் கூடக் கட்டினால் வெட்டிய மரக்கறியும் அளந்த தூளும் வீட்டுக்கே வரும். இன்னும் கூடக் கட்டினால் ஆக்கிய சோறே வரும். ஆசிரியைகளின் ஓய்வறையிலும் இதே பேச்சுத்தான். சுபஹோடு எழும்பி ஆக்கி, பாடசாலைக்கு ஓடி, பின்னேரம் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்கும் வீடுகளுக்கு இது பெறுமதியா என்று எங்களிடமும் கேட்டார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கேட்டால் வரலாறுதான் கிடைக்கும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனை போனோடு வந்ததல்ல. 1868 நவம்பரில் அமெரிக்காவின் 'அட்லாண்டிக் மன்த்லி' சஞ்சிகையில் மெலுசினா ஃபே பியர்ஸ் என்ற பெண் ஒரு தொடர் கட்டுரை எழுதத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் நகரத்துக் குடும்பப் பெண். கணவர் சார்ள்ஸ் பியர்ஸ் பிற்காலத்தில் பெரிய தத்துவவாதியாகப் பேரெடுத்தவர். படித்த பெண்ணின் ஆயுள் அடுப்படியிலும் உடுப்புக் கழுவுவதிலும் கரைந்து போகிறது என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு அவர் சொன்ன வழி: பன்னிரண்டு முதல் ஐம்பது வரையான வீட்டுப் பெண்கள் ஒன்று சேர்ந்து சமையல், சலவை, தையல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்வது. செய்த வேலைக்குத் தங்களுடைய கணவன்மாருக்கே பில் போடுவது! இன்றைக்குச் சொன்னாலும் எமது ஊரில் சிலருக்குத் தலை சுற்றும்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. வீடொன்றை வாடகைக்கு எடுத்து சலவைச்சாலை, பலசரக்குக் கடை, வெதுப்பகம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். 1871இல் மூடிவிட்டார்கள். ஏன்? அதற்கென்றே பியர்ஸ் 1884இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் அவர் முக்கிய காரணமாகச் சொல்வது சமையல் ருசியையோ கணக்கு வழக்கையோ அல்ல, கணவன்மாரின் அதிகாரத்தை. மனைவி சங்கத்தில் சேர்ந்தாள், ஆனால் சல்லிப் பை கணவனிடம் இருந்தது. தன் வீட்டுச் சாப்பாடு இன்னொரு இடத்தில் தீர்மானிக்கப்படுவதை அந்த ஆண்கள் விரும்பவில்லை. அடுப்பின் சூடு தெரியாதவர்தான் அடுப்படிச் செலவைத் தீர்மானித்தார். எங்களுடைய கணிப்பில், இன்றைக்குப் பல வீடுகளில் இந்தச் சந்தாக் கதை தொடங்கி முடிகிற இடமும் இதுதான்.

பம்பாயில் கதை வேறு மாதிரிப் போனது. 1890இல் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் சுமார் நூறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வீட்டில் ஆக்கிய பகல் சாப்பாட்டைக் கந்தோர்களுக்குச் சுமந்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். அவர்கள்தான் டப்பாவாலாக்கள். மாதக் கட்டணம், குறித்த நேரம், ரயில், சைக்கிள். கொரோனாவுக்கு முன்னர் சுமார் 5,000 பேர் நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் அளவில் டப்பாக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாகக் கணக்கு. உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அவர்களைப் பற்றிப் படித்தன, புகழ்ந்தன. நாங்களும் புகழ்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சந்தாவால் கந்தோர் போனவருக்குச் சுடச்சுட வீட்டுச் சாப்பாடு கிடைத்தது. டப்பாக்காரர் காலையில் கதவைத் தட்டுவதற்குள் ஆக்கி முடிக்கவேண்டியிருந்த பெண்ணுக்கு ஒரு வேலையும் குறையவில்லை.

எமது நாட்டிலும் ஒரு காலத்தில் வீடுகளுக்கு அரசாங்கமே திட்டம் போட்டுக் கொடுத்தது. 1942இல் யுத்த காலத்தில் வந்த கூப்பன் அரிசியைச் சொல்கிறோம். எமது உம்மம்மாமார் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கிழமைச் சமையலை நிதானித்தார்கள். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். வீட்டு அடுப்பை வேறொருவர் கையில் கொடுத்தால் விலையும் அவர் கையில்தான் இருக்கும். அன்றைக்கு ஹர்த்தால் செய்ய ஓர் அரசாங்கமாவது இருந்தது. போன் அப் ஒன்றுக்கு எதிராக எங்கே போய் ஹர்த்தால் செய்வது?

இப்போது விளம்பரத்தில் வரும் வகைக்கு வருவோம். 2007இல் சுவீடனில் கிக்கி தெயாண்டர் என்ற பெண், கிழமைச் சமையல் குறிப்பையும் அதற்கான பொருட்களையும் ஒரே பையில் வீட்டுக்கு அனுப்பும் 'மிடாக்ஸ்ஃப்ரிட்' என்ற சேவையைத் தொடங்கினார். 2011இல் பெர்லினில் ஹலோஃபிரெஷ், 2012இல் நியூயோர்க்கில் புளூ ஏப்ரன். புளூ ஏப்ரன் 2017 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் பெறுமதி கிட்டத்தட்ட 190 கோடி டொலர். 2023இல் சுமார் 10 கோடி டொலருக்கு விலைப்பட்டது.

ஆறு வருடத்தில் இப்படி விழுந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். பெரிய காரணம் எந்தக் கடைக்காரருக்கும் விளங்கக்கூடியது. முதல் பெட்டிகளைக் கழிவு விலையில் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார்கள், கழிவு முடிந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு மூன்று நேரச் சாப்பாடு சுமார் 60 டொலராக இருந்தது. அவ்வளவு கொடுத்தும் வெங்காயத்தை நீங்கள்தான் வெட்டவேண்டியிருந்தது, சட்டியையும் நீங்கள்தான் கழுவவேண்டியிருந்தது. வேண்டாம் என்று நேரத்தோடு சொல்லாவிட்டால் அடுத்த கிழமைப் பெட்டியும் வந்து நின்றது, சல்லியும் கழிந்தது.

அதற்காக இந்தப் பெட்டிகளால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொல்ல மாட்டோம். "இன்றைக்கு என்ன ஆக்குவது?" என்ற கேள்வி ஒரு பாரம். அது வேலையாகக் கணக்கில் வருவதில்லை, ஆனால் பாடவேளைக்கு நடுவிலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டியல் அந்தப் பாரத்தை இறக்கும். ஆனால் தேங்காய் துருவாது, மீன் கழுவாது. எமது வீடுகளில் நேரத்தைத் தின்பது இவைதான். ஆகவே வெறும் பட்டியலுக்கு மாதாமாதம் சல்லி கட்டுவது வீண் என்பது எங்களுடைய அபிப்பிராயம். வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகளையும் வாப்பாவையும் உட்காரவைத்து ஒரு கொப்பித் தாளில் எழுதினால் முடிகிற வேலை அது. வெட்டிய மரக்கறிப் பெட்டி கையில் குழந்தை உள்ள வீட்டுக்கு உதவலாம், மற்றவர்களுக்கு விலைக்கு ஏற்ற பலன் இல்லை. ஆக்கிய சாப்பாடு மட்டும்தான் நேரத்தை உண்மையாக மீட்டுத் தரும்.

அதை வாங்க அப் தேவையா என்பதுதான் அடுத்த கேள்வி. நோன்பு மாதத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு நாள் கஞ்சியையும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பெடுக்கிறது. பள்ளிவாசலில் பெரிய சட்டியில் ஆக்குகிறார்கள், அஸருக்குப் பிறகு பிள்ளைகள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த முப்பது நாளும் எந்த வீட்டிலும் கஞ்சிக்கு என்ன வழி என்று யாரும் யோசிப்பதில்லை. மற்றப் பதினொரு மாதமும் அந்தச் சட்டிகள் கவிழ்ந்தே கிடக்கின்றன.

ஊரில் பகல் சோற்றுப் பார்சல் கட்டி விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மார் எத்தனையோ பேர். நாளைக்கு எத்தனை பார்சல் போகும் என்று தெரியாமல்தான் அவர்கள் அரிசி போடுகிறார்கள். மிஞ்சினால் நட்டம் அவர்களுக்கு. ஒரு பாதையிலுள்ள பத்து வீடுகள் சேர்ந்து, கிழமையில் நான்கு நாளைக்கு முற்பணம் கொடுத்தால் அவர்களுக்கும் அளவு தெரியும், எங்களுக்கும் இரண்டு மணித்தியாலம் மிஞ்சும். உப்பு கூடினால் போய்ச் சொல்லலாம், வேண்டாத கிழமையை ஒரு வொய்ஸ் மெசேஜில் நிறுத்தலாம். முதல் மாதம் முழுப் பணத்தையும் கொடுக்காமல் கிழமைக் கணக்கில் தொடங்குங்கள். லீவு நாளுக்குக் கழிப்பதா, இல்லையா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வாப்பாமாரே, அந்தப் பணத்தை மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கி உம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். நாளாந்தம் கேட்டு வாங்க வைக்காதீர்கள்.