சிறுவாணிக்கு முன்னும் பின்னும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோயம்புத்தூர் நகரத்துக்கான எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கண் நிற்கும். 1901இல் 53,080 பேர். 1911இல் 47,007 பேர். அதற்கு முன்பும் பின்பும் தொகை ஏறிக்கொண்டே இருக்க, இந்தப் பத்து வருடத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் குறைகிறார்கள். 36 வருடம் வங்கியில் லெட்ஜரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இப்படி ஒரு கழித்தல் கண்ணில் பட்டால் காரணம் தெரியாமல் பக்கத்தைப் புரட்ட மனம் வராது.

காரணம் பிளேக். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்தது. இறந்தவர்கள் பலர், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனவர்கள் அதைவிடப் பலர். நம் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. நோயின் ஆங்கிலப் பெயரையே அம்மனுக்கு வைத்து வேண்டிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது.

பிளேக் எலியால் பரவுவது, தண்ணீரால் அல்ல. ஆனாலும் நெருக்கமான பழைய ஊரை விட்டு வெளியே குடியிருப்புகளை அமைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு பெரிய உந்துதல். நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில் மேற்குப் பக்கம் அகலத் தெருக்களோடு புதிய குடியிருப்பு எழுந்தது. அதுதான் ஆர். எஸ். புரம். அந்த எழுத்துகளின் விரிவு நம் வளாகத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

தெரு போட்டாயிற்று, குடிக்கத் தண்ணீர்? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் இது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழையில் நமக்கு வருவது மிச்சம்தான். ஊருக்குள் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியே நிரம்பும் குளங்கள் பாசனத்துக்கு வெட்டப்பட்டவை. அந்தப் பழைய ஏற்பாட்டை நான் வியக்காத நாளில்லை. ஒரு குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்குப் போகும்: கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், கிழக்கே சிங்காநல்லூர் வரை. இவை நிரம்பியபோது சுற்று வட்டாரக் கிணறுகளும் ஊறின.

சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று 1880களின் கடைசியிலேயே சொன்னவர் எஸ். பி. நரசிம்மலு நாயுடு. பத்திரிகையாளர். டவுன் ஹால் கட்டடம் எழுந்ததற்கும் அவர் முயற்சியே காரணம். மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்புவது என்ற யோசனையைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நிறைவேற ஏறத்தாழ 40 வருடம் ஆனது. 1930ஐ ஒட்டி, இரத்தினசபாபதி முதலியார் காலத்திலேயே, தண்ணீர் ஊருக்குள் வந்தது. அதன் பெரிய சிறப்பு, சரிவிலேயே இறங்கி வருவது, பம்ப் வேண்டாம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் பைக்காரா மின்சாரமும் வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கிய நூற்பு ஆலைகள் 1930களில் சரசரவென்று பெருகியதற்கு மலிவான மின்சாரம் முக்கியக் காரணம். 1931இல் 95,000 பேர், 1951இல் ஏறக்குறைய இரண்டு லட்சம். மில் சங்கு சத்தத்துக்கு எழுந்து, ஷிப்ட் முடிந்து வந்து குளித்த அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆலைகளுக்குப் பின்னால் மோட்டார் தொழில். 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்த பம்ப்செட் தொழில் இந்தியா முழுவதும் கிணறுகளுக்கு மோட்டார் அனுப்பியது. நாட்டின் நிலத்தடி நீரை உறிஞ்சும் இயந்திரத்தைச் செய்து விற்கும் ஊருக்கே நிலத்தடி நீர் பற்றாமல் போனதை விதி என்பதா, வியாபாரம் என்பதா!

நான் 1980களின் தொடக்கத்தில் வேலைக்கு வந்தபோது எங்கள் கிளையில் ஒரு பேச்சு உண்டு: சிறுவாணித் தண்ணீர் குடித்த மேனேஜர் மாற்றல் உத்தரவைப் பார்த்ததும் மெடிக்கல் லீவு போட்டுவிடுவார். ஆனால் அந்த வருடங்களில் வீட்டுக்கு நல்ல தண்ணீர் தினமும் வந்துவிடவில்லை. 1981இல் சிங்காநல்லூரையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆன ஊரின் மக்கள்தொகை ஏழு லட்சம். பழைய ஏற்பாடு எப்படிப் போதும்? தமிழ்நாடும் கேரளமும் 1973இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பெரிய அணை கட்டி முடித்தது 1984 வாக்கில். ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. நம் பங்கு. அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். பிறகு பவானி ஆற்றின் பில்லூர்த் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சிப் பரப்பு 105 சதுர கி.மீ.யிலிருந்து 257 ஆனது.

குளங்களின் கதையைச் சொல்லத்தான் மனம் வரவில்லை. புலியகுளம், அம்மன்குளம் என்று பேருந்தில் டிக்கெட் வாங்குகிறோம். அங்கே இறங்கிக் குளத்தைத் தேடினால் வீடுகள்தான் இருக்கும். மிஞ்சியவற்றில் சிலவற்றுக்குச் சாக்கடைதான் வரத்து. பெரியகுளத்தில் இப்போது நடைபாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். மாலையில் நானும் நடக்கப் போகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையை அழகாக்குவது ஒரு வேலை, வாய்க்காலைத் திறந்து வைப்பது வேறு வேலை. முன்னதற்குக் கிடைக்கும் பணம் பின்னதற்குக் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

2017 கோடை நினைவிருக்கிறதா? சிறுவாணி அணை அடி தெரியும் அளவுக்கு வற்றியது. அந்த வருடம் நம் வளாகத்தில் லாரித் தண்ணீருக்கு எழுதிய செக்குகளை அப்போதைய பொருளாளரிடம் கேட்டால் சொல்வார்.

இதையெல்லாம் எழுதக் காரணம், வரும் பொதுக்குழுவில் மூன்றாவது ஆழ்துளைக் கிணறு பற்றி முடிவெடுக்கப் போகிறோம். என் வாக்கு இப்போதைக்கு 'வேண்டாம்'. பாறை பூமி, ஆயிரம் அடி போட்டும் புழுதி மட்டும் வந்த இடங்கள் நம் சாலையிலேயே உண்டு. தண்ணீர் வந்தாலும், நமது முதல் இரண்டு கிணறுகளும் பக்கத்து வளாகத்துக் கிணறும் எடுக்கும் அதே கணக்கிலிருந்துதான் மூன்றாவதும் எடுக்கும். வரவு வைக்காத கணக்கில் மூன்றாவது செக் புத்தகம் வாங்குவது போல.

வரவு வைக்க வழி இருக்கிறது. 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் நம் கட்டடத்திலும் நான்கு குழிகள் உண்டு. போன மாதம் பிளம்பரோடு மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டில் மண் மேல்மட்டம் வரை. ஒன்றில் 'பி' பிளாக்கின் மொட்டை மாடிக் குழாயே வந்து சேரவில்லை, நேரே சாக்கடைக்குப் போகிறது. தூர் வாரிக் குழாயை மாற்ற அவர் சொன்ன தொகை, போர் போடக் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குகூட வராது. மதிப்பீட்டுத் தாளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.