தட்டில் ஒரு பெயர். பாட்டில் ஒரு குரல்

1962ஆம் ஆண்டு நவம்பரில் ‘ஹீஸ் எ ரெபல்’ என்னும் பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. இசைத்தட்டில் பொறிக்கப்பெற்ற பெயர் ‘கிறிஸ்டல்ஸ்’ என்னும் நங்கையர் குழு. ஆயின், அதனைப் பாடியவர் அவரல்லர்!

ஜீன் பிட்னி இயற்றிய அப்பாடலை வேறொரு பாடகியும் பதிவு செய்யவிருந்தார். அவரை முந்த விழைந்த பில் ஸ்பெக்டர், லாஸ் ஏஞ்சலிசில் விரைந்து ஒலிப்பதிவு நடத்தினார். கிறிஸ்டல்ஸ் குழுவினரோ நியூயார்க்கில் இருந்தனர். எனவே, அவ்வூரிலேயே இருந்த ‘பிளாசம்ஸ்’ குழுவினரைப் பாடச் செய்தார். தலைமைக் குரல், பின்னர் டார்லின் லவ் எனப் பெயர் பெற்ற நங்கையுடையது. தட்டில் ஏறியதோ முன்பே புகழ்பெற்ற பெயர்! தாம் பதிவு செய்யாத பாடலைக் கிறிஸ்டல்ஸ் குழுவினர் மேடைதோறும் பாட நேர்ந்தது.

2011இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் டார்லின் லவ்வைச் சேர்த்துச் சிறப்பித்தது. வரலாறு எழுதுவோர் தட்டின் முகப்பை மட்டும் நம்புதல் தகாது. குரலுக்குரியவர் யாரென வினவுதல் வேண்டும்.