தோமையார் வந்தாரா? நாணயமும் கல்லும் சொல்லும் சாட்சி

மும்பையில் நம்மவர் நாலு பேர் கூடினால் ஊர்ப் பேச்சு எப்படியும் மயிலாப்பூரில் வந்து நிற்கும். கபாலி கோயில், அறுபத்து மூவர் எல்லாம் முடிந்து சாந்தோமுக்கு வந்ததும் இரண்டு கட்சி பிரியும். "கி.பி. 52-இல் தோமையார் கொடுங்கல்லூரில் வந்து இறங்கினார், 72-இல் மயிலையில் உயிர்விட்டார், அரசாங்கமே ஸ்டாம்பு போட்டிருக்கே" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் போர்த்துக்கீசியன் கட்டிவிட்ட கதை சார்" என்பது மறு கட்சி. ஸ்டாம்பு வந்தது உண்மைதான், 1964-இலும் 1973-இலும். ஆனால் தபால் தலை சரித்திரச் சான்று ஆகிவிடுமா? நான் மத விவாதத்துக்கு வரவில்லை. கிடைத்துள்ள சான்றுகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் இரண்டு கட்சியுமே நிற்காது என்பது என் எண்ணம். அதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயர். 'தோமா' என்பது உண்மையில் பெயரே இல்லை. அரமேய மொழியில் அதற்கு 'இரட்டையர்' என்று பொருள். யோவான் சுவிசேஷம் 'திதிமு' என்று கிரேக்கத்திலும் அதையேதான் சொல்கிறது. பழைய சிரியக் கிறிஸ்தவர்கள் அவரை யூதா தோமா என்றார்கள். யூதா என்பது பெயர், தோமா என்பது அடைமொழி. சுவிசேஷத்தில் அவர் வாய் திறப்பது சில இடங்களில்தான். காயத்தில் கை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவர் அவர். அப்படிப்பட்டவரைப் பற்றிச் சான்று கேட்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்!

சுவிசேஷத்தோடு அவர் கதை நின்றுவிடுகிறது. பிறகு அவரை இந்தியாவோடு சேர்த்து விரிவாகப் பேசும் முதல் நூல் 'தோமாவின் நடபடிகள்'. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடெஸ்ஸா வட்டாரத்தில், சிரிய மொழியில் எழுந்தது. எடெஸ்ஸா இன்றைய துருக்கியில் உர்ஃபா என்ற ஊர். கதை ரொம்ப சுவாரசியமானது. அப்போஸ்தலர்கள் உலகைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. "நான் போக மாட்டேன்" என்று அடம் பிடிக்கிறார். இந்திய அரசன் ஒருவனுக்காகத் தச்சன் தேடி வந்த ஹப்பான் என்ற வியாபாரியிடம், இயேசுவே அவரை அடிமையாக விற்றுவிடுகிறார். அரசன் மாளிகை கட்டப் பணம் கொடுக்க, தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு "மாளிகை பரலோகத்தில் இருக்கிறது" என்கிறார். கடைசியில் மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் நாட்டில், நாலு வீரர்களின் ஈட்டிக்கு இரையாகிறார். மஸ்தாய், மிக்தோனியா, தெர்த்தியா என்று வரும் இந்தப் பெயர்களில் தமிழ் வாடை துளியும் இல்லை. மயிலாப்பூர் என்ற பெயரும் அந்த நூலில் கிடையாது.

மாளிகை கேட்ட அரசன் பெயர் குந்தபார். பல நூற்றாண்டுகள் அதைக் கற்பனைப் பெயர் என்றுதான் அறிஞர்கள் நினைத்தார்கள். வேறு எந்த மேல்நாட்டு நூலிலும் அவன் இல்லை. 1830-களில் சார்லஸ் மேசன் என்பவர் ஆப்கானிஸ்தானத்தில் பழங்காசுகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது, கொண்டோபாரஸ் என்ற பெயர் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. பின்னர் பெஷாவர் பக்கம் தக்த்-இ-பாகியில் ஒரு கல்வெட்டும் கிடைத்தது. இப்போது லாகூர் மியூசியத்தில் இருக்கிறது. அந்த அரசனின் 26-ஆம் ஆட்சியாண்டு, ஒரு சகாப்தத்தின் 103-ஆம் ஆண்டு என்கிறது அது. அந்தச் சகாப்தம் நம் விக்கிரம சகாப்தமே என்று கொண்டால் கி.பி. 46 வாக்கில் வருகிறது. இந்தக் கணக்கை ஏற்காத நாணயவியலாரும் உண்டு. ஆனாலும் முதல் நூற்றாண்டில் தட்சசீலம் வட்டாரத்தை ஆண்ட பார்த்திய அரசன் அவன் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதனால் என்ன தெரிகிறது? கதை எழுதியவர் கையில் ஏதோ ஒரு பழைய செய்தி இருந்திருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன் ஆண்ட, உலகம் மறந்துபோன ஒரு வடமேற்கு அரசனின் பெயரைச் சும்மா உட்கார்ந்து கற்பிக்க முடியாது. அதே சமயம் அரசன் பெயர் சரி என்பதால் மாளிகைக் கதை சரியாகிவிடாது. அந்தச் சான்று கை காட்டுவதும் காந்தாரத்தை, கேரளத்தையோ சென்னையையோ அல்ல. தோமாவின் பங்குக்கு விழுந்தது பார்த்தியா என்று நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதியதும் இதற்கு ஒத்துப்போகிறது. 2006-இல் போப் 16-ஆம் பெனடிக்ட், அவர் முதலில் மேற்கு இந்தியாவுக்கு வந்தார் என்ற பொருள்படப் பேசியபோது கேரளத்தில் எழுந்த சலசலப்பு சிலருக்கு நினைவிருக்கும்.

தெற்கே வர வழியே இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. முதல் நூற்றாண்டில் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்த ரோமானியக் கப்பல்களைப் பற்றி நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் பஸ் ஓடியது என்பதால் குறிப்பிட்ட ஆள் அதில் ஏறினார் என்று ஆகாது. கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் இருந்ததற்கான உறுதியான சாட்சி பின்னால் வருகிறது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற எகிப்திய வணிகர், மிளகு விளையும் 'மலே' நாட்டிலும், பாரசீகத்திலிருந்து பிஷப் வரும் 'கல்லியானா'விலும் கிறிஸ்தவர்கள் உண்டு என்கிறார். இந்தக் கல்லியானா வேறெங்கோ இல்லைங்க, தினமும் லோக்கல் ரயிலில் நம்மவர் இடிபட்டுப் போகும் கல்யாண்தான் என்பது பல ஆய்வாளர் கருத்து. அடுத்து, 849-ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகளை வட்டெழுத்தில் சொல்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும், பாரசீகத்துப் பஹ்லவியிலும், ஹீப்ரு லிபியிலும்! அந்தத் துறைமுகத்தில் யார் யார் கூடிப் பழகினார்கள் என்பதை இதைவிட அழகாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

இனி நம் மயிலைக்கு வருவோம். மார்க்கோ போலோ 1290-களில் சோழமண்டலக் கரையைப் பார்த்தவர். மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் தோமையார் உடல் கிடக்கிறது, வியாபாரிகள் அதிகம் வராத ஊர், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள், அங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சலுக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். மரணக் கதையும் இங்கே வேறு. குடிலுக்கு வெளியே மயில்கள் சூழ ஜெபம் செய்துகொண்டிருந்த தோமையாரைக் கவனிக்காமல், ஒரு வேடன் மயிலுக்கு விட்ட அம்பு அவர் மேல் பாய்ந்துவிட்டதாம். அரசனும் இல்லை, ஈட்டியும் இல்லை. சிரியாக்காரர் கதையில் மயில் கிடையாது. இது மயிலை மண்ணிலேயே முளைத்த கதை என்று எனக்குப் படுகிறது. அதே சமயத்தில் மாந்தே கொர்வினோ ஜான் என்ற துறவியும் தோமையார் கோயில் இருக்கும் இடத்தில் பதின்மூன்று மாதம் தங்கியதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசியர் மயிலையில் கால் வைத்தது 1517 வாக்கில். அவர்கள் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே இருந்த யாத்திரைத் தலத்தை அவர்கள் 'கட்டிவிட்டார்கள்' என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் கூட்டிச் சேர்த்தது நிறைய என்பதும் நிஜம். 1523-இல் கல்லறையைத் தோண்டி எலும்பும் ஈட்டி முனையும் கிடைத்ததாகச் சொன்னார்கள். ஆனால் 373-இல் காலமான எப்ரேம், தான் இந்தியாவில் கொன்ற அப்போஸ்தலன் எலும்பாகி எடெஸ்ஸாவுக்கே வந்துவிட்டானே என்று சாத்தான் புலம்புவதாகப் பாடிவிட்டார். அந்த எலும்புகள் 1258 முதல் இத்தாலியில் ஓர்த்தோனா ஊரில் இருப்பதாக அங்கே நம்பிக்கை. இரண்டு பக்கமும் எலும்பு இருக்கிறது என்றால், யாரை நம்புவது?

சாந்தோம் பகுதியில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருப்பதும், கடலோரத்துப் பழைய கபாலி கோயில் என்ன ஆயிற்று என்பதும் தனி வழக்கு. அதையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது. தோமையாரைத் திருவள்ளுவர் சந்தித்தார் என்று எழுதியவர்களுக்கோ, சான்று என்று காட்ட ஒரு துரும்பு கூட இல்லை.

எனக்குப் பிடித்த சான்று பரங்கிமலையில் இருக்கிறது. 1547-இல் அங்கே கிடைத்த கற்சிலுவையைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. அக்காலத்தில் தோமையாரின் வரலாறே அதில் இருப்பதாக வாசித்துக் காட்டினார்கள். 1873-இல் பர்னெல் அது பஹ்லவி எழுத்து என்று எடுத்துக் காட்டினார். கோட்டயம் முதலிய ஊர்களிலும் இதே வகைச் சிலுவைகள் உண்டு. சுமார் ஆறு முதல் ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். வாசிப்பில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் தன் பெயரும் தகப்பன் பெயரும் சொல்லி, இரக்கம் வேண்டி ஒரு பாரசீகக் கிறிஸ்தவர் வெட்டுவித்த வேண்டுதல் அது என்பதே பலரும் ஏற்கும் வாசிப்பு. தோமையார் பெயர் அதில் இல்லை. நம்மைப் போலவே பிழைப்புக்கோ வியாபாரத்துக்கோ ஊரைவிட்டு வந்தவர்களின் எழுத்து அது. இந்தக் கரையில் தோமையாரின் நினைவைக் காப்பாற்றியவர்கள் அவர்களாகவே இருக்கக்கூடும்.

லீவில் சென்னை போகிறவர்கள் மலையேறிப் பாருங்கள். கோயிலின் பலிபீடத்துச் சுவரிலேயே பதித்திருக்கிறது. பிள்ளைகளைக் கிட்டே கூட்டிப்போய், அந்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதைக் காட்டுங்கள்.