உலாவியின் பொத்தான்கள்

இணையத்தில் செய்தி படிக்கிறோம். தேர்வு முடிவு பார்க்கிறோம். இதற்குத் துணைசெய்யும் கணிப்பொறி நிரலுக்கு உலாவி என்று பெயர். அதன் மேற்பகுதியில் ஒரு பட்டை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முந்தைய பக்கத்துக்குத் திரும்ப ஓர் அம்புக்குறி, பக்கத்தை மீண்டும் வரவழைக்க ஒரு வளைவுக்குறி எனச் சிறு பொத்தான்கள் அதில் வரிசையாக நிற்கும். இதுவே கருவிப்பட்டை. இப்பொத்தான்களை அந்தந்த இடத்தில் வைத்தவர் யார்? நம் விருப்பப்படி மாற்றும் உரிமை நமக்கு உண்டா? இக்கேள்விகளுக்குப் பின்னே ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கும் அதில் பங்குண்டு.

ஆணி அடிக்க முடியாத வீடு

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவி உருவாயிற்று. எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியதால் அது விரைவில் பரவியது. அடுத்த ஆண்டே நெட்ஸ்கேப் வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அந்நாளைய நெட்ஸ்கேப்பில் பொத்தானைப் படமாகவோ சொல்லாகவோ காட்டச் செய்யலாம். ஆனால் வரிசையை மாற்ற இயலாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வாடகைக்கு விட்ட வீடு போன்றது அது!

இடம் ஏன் முக்கியம்?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1954ஆம் ஆண்டில் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞர், இரு உலோகத் தகடுகளை எழுதுகோல் போன்ற ஒரு கருவியால் மாறி மாறித் தொடச் செய்து ஆராய்ந்தார். இலக்கு தொலைவில் இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் கை அதை அடைய நேரம் கூடும். தொலைவை இரண்டால் பெருக்கி, இலக்கின் அகலத்தால் வகுத்து, வரும் எண்ணுக்கு 2ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை காணுங்கள். அதுவே அவ்வேலையின் கடின அளவு.

16 செ.மீ. தொலைவில் 1 செ.மீ. அகலமுள்ள பொத்தானுக்குக் கடின அளவு 5. அகலம் 2 செ.மீ. ஆனால் 4. தொலைவும் பாதியானால் 3. ஆகவே, அடிக்கடி வேண்டிய பொத்தான் அருகில் இருப்பது வெறும் அழகுக்காக அன்று. ஆனால் அடிக்கடி வேண்டுவது எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எல்லாருக்கும் ஒரே வரிசை பொருந்தாததற்குக் காரணம் இதுவே.

இடத்துக்கு வந்த போட்டி

1999ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, பொத்தான்களைச் சேர்க்கவும் நீக்கவும் இடமளித்தது. 2000 டிசம்பரில் கூகுள் அதே உலாவியில் தன் சொந்தப் பட்டை ஒன்றை ஒட்டியது. ஏன்? தேடும் பெட்டி கண்ணெதிரே இருந்தால் மக்கள் அதில்தான் தேடுவார்கள். தேடலோடு விளம்பர வருவாயும் வரும். மதுரையில் 1972இல் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2004இல் கூகுளில் சேர்ந்து, இப்பட்டையின் பொறுப்பை ஏற்றார். 2006இல் வந்த பதிப்பில் பயனர் தாமே புதிய பொத்தான்களைச் சேர்க்க முடிந்தது.

இதைக் கண்ட வேறு பலரும் பட்டைகளைச் செய்தனர். இலவச நிரல்களோடு அவை கேளாமலே வந்து ஒட்டிக்கொண்டன. பட்டைமேல் பட்டை ஏறி, படிக்கும் பக்கம் பாதியாய்ச் சுருங்கிய கணிப்பொறிகள் அன்று ஏராளம்.

இரு வழிகள்

இச்சிக்கலுக்கு இரு விடைகள் பிறந்தன. 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் ஃபயர்பாக்ஸ் ஆன உலாவி, பொத்தானைச் சுட்டியால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கும் வசதியைத் தந்தது. 2008 செப்டம்பரில் பிச்சையின் குழுவிடமிருந்து வந்த குரோம், பொத்தான்களையே குறைத்தது. முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி போதும் என்றது. பக்கத்தைச் சுற்றியுள்ள சட்டத்துக்கும் பட்டைக்கும் நிரலாளர்கள் வழங்கிவந்த பெயரே குரோம்! அதைச் சுருக்க வந்த உலாவிக்கு அப்பெயரே அமைந்தது. கூகுளின் பழைய பட்டை 2021 டிசம்பரில் விடைபெற்றது.

குறைவான பொத்தான்கள் புதியவருக்கு எளிமை தரும். ஆனால் எவை மிஞ்ச வேண்டும் என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. இடம் மாற்றும் வசதி அந்த முடிவை நம்மிடம் விடுகிறது. பலர் எதையும் மாற்றாமல் விட்டுவிடுவதால், முதலில் வைத்தவர் கைதான் ஓங்கி நிற்கிறது.

நீங்களும் சோதிக்கலாம்

ஃபயர்பாக்ஸ் பட்டையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்துங்கள். கருவிப்பட்டையை மாற்றியமைக்கும் கட்டளை தோன்றும். வேண்டிய பொத்தானை இழுத்து வையுங்கள். வேண்டாததை வெளியே இழுத்து விடுங்கள். மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் ஒரே வேலையை இருபது முறை செய்து, நிறுத்துகடிகாரத்தால் நேரத்தை அளந்து பாருங்கள்.

செம்மண்டலத்திலோ சிதம்பரத்திலோ பலர் பயன்படுத்தும் பொதுக் கணிப்பொறி என்றால், எழுமுன் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கும் அங்கேயே ஒரு பொத்தான் உண்டு. நமக்கு வசதியான இடம் அடுத்தவர் கைக்குத் தடுமாற்றம் தரலாம் அல்லவா?