வெயிலில் கருப்பாகும் கண்ணாடி, காருக்குள் மட்டும் ஏன் ஏமாத்துது?

வெளியே போனால் கூலிங் கிளாஸ், வீட்டுக்குள் வந்தால் சாதா கண்ணாடி. 'போட்டோகுரோமிக்' லென்ஸ் எப்படி வேலை செய்யுது?

உள்ளே என்ன இருக்கு?

பிளாஸ்டிக் லென்ஸில் நாப்தோபைரான் போன்ற மூலக்கூறுகள் இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும், அதில் ஒரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு உடையும். மூலக்கூறு விரிந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும், லென்ஸ் கருக்கும். கதிர் நின்றதும் வெப்பத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பிடும். அதனால்தான் சூடான ஊரைவிட குளிர் பிரதேசத்தில் அதிகம் கருக்கும்.

காருக்குள்?

காரின் முன்பக்கக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வழக்கமான லென்ஸ் அங்கே சரியாகக் கருக்காது, கண் கூசும். பகலில் கார் ஓட்டுபவர்கள் இதை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு கூலிங் கிளாஸ் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து என்ன?

ஒளி பட்டால் மூலக்கூறு வடிவம் மாறும் என்பதை வைத்தே, நெதர்லாந்தின் பென் ஃபெரிங்கா 1999-ல் ஒளியால் சுழலும் மூலக்கூறு மோட்டாரை உருவாக்கினார். 2016-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். ஒளி படும் இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்துகளுக்கான ஆய்வும் நடக்கிறது.